டப்பாவைக் குலுக்கும் முன் பாகத்தைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், காரின் வெளிப்புற பிளாஸ்டிக் பாகங்களுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே அடிப்பது பற்றி அரைப்பக்கத்துக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. கழுவு, துடை, அடி, காயவை, திரும்ப மாட்டு, அவ்வளவுதான், கூடவே நாலு படம். அதைப் படித்துவிட்டு சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் டப்பா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதில் பக்கத்து வீட்டுப் பையன் கொஞ்சம் விவரமானவன், "மாமா, நீங்க ஸ்ப்ரே வேலை பாத்தவர்தானே, ஒரு அஞ்சு நிமிஷம் வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டான். அஞ்சு நிமிஷம் என்று போனவன் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்பினேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், உங்கள் குறிப்பில் விட்டுப்போனதை மட்டும்.

நான் கார் பெயின்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் 26 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். பதப்படுத்திய தோலுக்கு நிறமும், அதைப் பிடித்துவைக்கும் பைண்டரும் கலந்து அடித்து, அதற்கு மேல் லேக்கர் என்னும் மேல்பூச்சு அடிப்பது எங்கள் வேலை. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டில் யாராவது ஒருவர் அந்த வாசனையோடு சாயங்காலம் திரும்பியவர்தான். தோலோ பிளாஸ்டிக்கோ, ஸ்ப்ரேயிலிருந்து வருவது கீழே பிடிக்கிறதா இல்லையா என்பதில்தான் வேலையே இருக்கிறது. எண்ணெய்ப் பசை மிச்சமிருக்கும் தோலில் எவ்வளவு உசத்தியான லேக்கர் அடித்தாலும், செல்லோடேப் ஒட்டி இழுத்தால் அப்படியே டேப்போடு வந்துவிடும். அந்த டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேஸ்திரி நம்மைப் பார்ப்பார் பாருங்கள், அதற்கு நாலு திட்டு வாங்கிவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையன் முன்னால் இரண்டு பொருள் இருந்தன. ஒன்று பக்கக் கண்ணாடியின் முதுகு மூடி, மிரர் கவர் என்பார்களே, அது. இன்னொன்று சக்கரத்துக்கு மேலே வளைவாக வரும் கறுப்புப் பட்டை, கிளாடிங். இரண்டும் பிளாஸ்டிக், டப்பாவிலும் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறது, அப்புறம் என்ன என்பது அவன் கணக்கு. நான் இரண்டையும் திருப்பிப் போட்டேன். பின்பக்கத்தில், அச்சில் வார்க்கும்போதே விழுந்த பொடி எழுத்துகள் இருக்கும், இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவில், வெள்ளெழுத்துக்காரர்கள் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். மிரர் கவரில் ஏபிஎஸ் என்று இருந்தது, பிரேக் சமாச்சாரம் இல்லை, ஒரு பிளாஸ்டிக் ரகத்தின் பெயர். கிளாடிங்கில் பிபி, பக்கத்தில் கூட்டல் குறி போட்டு ஈபிடிஎம் (அது ஒரு ரப்பர் ரகம்), அதற்கப்புறம் டி20. பையன் டி20-ஐப் பார்த்துச் சிரித்தான். கிரிக்கெட் இல்லையப்பா, 20 சதவீதம் டால்க் பொடி கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த எழுத்தைப் போடுவது, வண்டியை உடைக்கும்போது எது எந்த ரகம் என்று பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவதற்காக. நமக்கு அதுதான் ஜாதகம். ஏபிஎஸ் என்றால் பாதிக் கவலை விட்டது. பெயின்டில் இருக்கும் தின்னர் பட்டதும் அதன் மேல்தோல் லேசாக இளகும், பெயின்ட் அதற்குள் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், அப்படியில்லை. அது மெழுகு ஜாதி. எந்தத் தின்னருக்கும் லேசில் அசையாது, எந்தப் பசையும் ஒட்டாது, மேலே தண்ணீர் விட்டால் தாமரை இலை மாதிரி முத்து முத்தாக உருட்டிவிடும். பெயின்டும் அதன்மேல் அப்படித்தான் உட்காருகிறது, உட்கார்ந்த மாதிரி தெரியும், பிடித்திருக்காது. உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள், போதாது. பம்பர் தயாரிக்கும் ஆலைகளிலேயே பெயின்டுக்கு முன்னால் தீ நாக்கை ஒரு கணம் மேலே ஓட்டி மேற்பரப்பின் குணத்தை மாற்றுவது உண்டு (வீட்டில் யாரும் லைட்டரைத் தூக்க வேண்டாம், புண்ணியமாகப் போகும்). நமக்கு அதற்குப் பதில் இருப்பது பிளாஸ்டிக் பிரைமர், சில டப்பாக்களில் அட்ஹீஷன் ப்ரமோட்டர் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். மெல்லிசாக ஒரு கோட், அது முழுக்கக் காய்ந்து இறுகுவதற்குள், டப்பாவில் எவ்வளவு நேரம் போட்டிருக்கிறதோ அந்த நேரத்துக்குள், மேல் பெயின்ட் விழுந்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அடித்ததே வீண்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பட்டுத்தான் தெரியும். ரெண்டு வருஷம் முன்னால் என்னுடைய சின்னக் காரின் கிளாடிங் வெயிலில் சாம்பல் பூத்துப் போயிருந்தது, 26 வருஷம் ஸ்ப்ரே பிடித்த கை என்ற மிதப்பில், பளபளக்கும் கறுப்பு ஒரு டப்பா வாங்கி, உப்புத்தாள் மட்டும் போட்டு மூன்று கோட் அடித்தேன். அம்சமாக வந்தது. ஷோரூமில் இருந்து எடுத்த மாதிரி இருக்கிறதே என்று சம்பந்தியே சொன்னார். ஐந்தாவது வாரம் வாட்டர் வாஷுக்கு விட்டேன். பிரஷர் தண்ணீர் ஓரத்தில் பட்டதுதான் தாமதம், ஒரு முழ நீளத்துக்குப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. தண்ணீர் அடித்த பையன் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டான், அவன்மேல் என்ன தப்பு? டப்பா விற்ற கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "பிரைமர் தனியா இருக்குது சார், நீங்க கேக்கலையே" என்றார். கேட்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் உரித்துக்கொண்டு உட்காரப் போகிறேன்? மிச்சத்தைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது, அடித்ததற்கு ஆன நேரம் ஒரு மணி.

தண்ணீர் வாளியில் போட்டுப் பார், மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று ஒரு வழி சொல்கிறார்கள். சுத்தமான பிபிக்கு அது சரி, தண்ணீரைவிட லேசு. ஆனால் டால்க் கலந்த டி20 ரகம் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமாகி மூழ்கிவிடும், நீங்கள் ஏபிஎஸ் என்று நம்பி ஏமாறுவீர்கள். எழுத்தை நம்புங்கள். வெளியில் வாங்கி மாட்டும் ஸ்பாய்லர், வைசர் போன்ற சாமான்கள் சிலவற்றில் எழுத்தே இருக்காது, அதற்கு எங்கள் பழைய வழிதான். கண்ணுக்குத் தெரியாத பின்பக்க மூலையில் தீப்பெட்டி அளவுக்கு அடித்து, ஒரு நாள் முழுக்க விட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி, செல்லோடேப் ஒட்டிப் பட்டென்று இழுங்கள். கட்டம் கட்டமாக வந்தால் அந்தப் பொருளுக்கு உங்கள் முறை சரிவரவில்லை, முன்பக்கத்தைத் தொடாதீர்கள்.

அடுத்தது சுத்தம். கழுவித் துடைக்கவும் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள், அந்த வரிக்குள்தான் பாதி வேலை இருக்கிறது. நம் ஊரில் சர்வீஸுக்கு விட்டால் திரும்பி வரும்போது டயர், பம்பர், கிளாடிங் எல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மின்னும். அந்தப் பாலிஷில் பலதிலும் இருப்பது சிலிக்கோன். ஒரு துளி மிச்சமிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தை விட்டு வட்டமாக விலகி நிற்கும், மீன் கண் என்போம், தோலிலும் இதே பெயர்தான், இதே தலைவலிதான். அதனால் முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவி, காய்ந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும், துணியைத் திருப்பித் திருப்பி, அழுக்கான பக்கத்தாலேயே மறுபடி தேய்க்காமல். இதெல்லாம் உப்புத்தாள் போடுவதற்கு முன்னால். வரிசை மாறினால் உப்புத்தாள் அந்தப் பாலிஷைக் கீறலுக்குள் தேய்த்து விட்டுவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. சிலர் தின்னரிலோ பெட்ரோலிலோ துணியை நனைத்துத் துடைக்கிறார்கள். ஏபிஎஸ்ஸில் தின்னரை அப்படிப் பூசினால் மேல்தோல் இளகுவதோடு நிற்காது, முடி மாதிரி வெடிப்பு ஓடும், பெயின்ட் அடித்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். அக்ரிலிக் வைசராக இருந்தால் வெடிப்பு கண் எதிரிலேயே ஓடுவதைப் பார்க்கலாம்.

உப்புத்தாளில் 400, அப்புறம் 600, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் ரகம். பிபியைக் காய்ந்தபடியே தேய்த்தால் தேங்காய் நார் மாதிரி பொடி நார் எழும்பும், அது பெயின்டுக்கு மேலே முள்ளாக நிற்கும். மேற்பரப்பு புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பாக வார்த்ததாக இருந்தால் உப்புத்தாளே வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும், அது பள்ளத்துக்குள்ளும் போகும். க்ரோம் பூசிய கிரில்லைக் கறுப்பாக்குவது இப்போது பையன்களிடம் ஃபேஷன், காட்பாடி பக்கம் போனால் காருக்குக் கார் பார்க்கலாம். க்ரோம் லேசில் எதையும் பிடிக்க விடாது, ஏற்கெனவே உரிந்த ஓரம் இருந்தால் பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும். பிய்த்து எடுத்துவிடக் கூடிய ரப்பர் ஸ்ப்ரே கிடைக்கிறது, ஆசைக்கு அதை அடித்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

அடிக்கும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கை பழகினால் வரும். டப்பாவைக் குலுக்கும்போது உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுகிறார்கள், சத்தம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து இரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும். ஒரு சாண் தூரம். பாகத்துக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, பாகத்தைத் தாண்டிய பிறகு விரலை எடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் அங்கே ஒழுகும். முதல் கோட் தூறல் மாதிரி, அடியில் உள்ள நிறம் தெரிந்தால் தெரியட்டும். பத்து நிமிஷம் விட்டு இரண்டாவது, மறுபடி பத்து நிமிஷம் விட்டு மூன்றாவது. முதல் கோட்டிலேயே மூடிவிட வேண்டும் என்ற அவசரம்தான் எல்லா ஒழுகலுக்கும் காரணம், பையனும் அதைத்தான் செய்யப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். கார் நிறத்திலேயே வேண்டுமென்றால் கதவுச் சட்டத்திலோ இன்ஜின் பக்கமோ இருக்கும் வண்டித் தகட்டில் நிறத்துக்கான குறியீட்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள், "சில்வர் கொடுங்க" என்று கேட்டு வாங்கினால் நாற்பது சில்வரில் ஒன்று கிடைக்கும். கார் நிறம் என்றால் மேலே க்ளியர் கோட்டும், அதாவது நிறமில்லாத மேல்பூச்சும், கட்டாயம்.

ஆனால் வேலூர் வெயிலைப் பற்றி உங்கள் குறிப்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை, "நல்ல வெயில் நாளாகத் தேர்ந்தெடுங்கள்" என்று இருந்ததைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியவர் நம் பக்கத்து ஆள் இல்லை போலிருக்கிறது. கத்திரியில் 40 டிகிரி தாண்டுகிற ஊரில் மொட்டை மாடியில் பதினோரு மணிக்கு அடித்தால், துளி பாகத்தில் போய் விழுவதற்குள் காற்றிலேயே காய்ந்து பொடியாகிவிடும், தடவிப் பார்த்தால் உப்புத்தாளே அடியிலிருந்து மேலே வந்த மாதிரி இருக்கும். அந்த டப்பாவில் 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று போட்டிருப்பார்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் மே மாதம் அந்தச் சூடு சர்வ சாதாரணம், வாங்கிய டப்பாவைப் பின் சீட்டில் போட்டுவிட்டுக் கோட்டைப் பக்கம் வண்டியை நிறுத்திப் போகிறவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. மழைக்காலம் வேறு விதத் தொல்லை, ஈரக் காற்றில் அடித்தால் பால் படிந்த மாதிரி வெளுத்துப்போகும். சாயங்காலம் விளக்குப் போட்டு அடித்தால் ஈசல் வந்து ஒட்டும். நான் கண்ட வரையில், கோடையில் காலை ஏழு மணிக்குள், நிழலான போர்ட்டிகோவில், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிப்பதுதான் நம் ஊருக்குத் தோது. வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே காரணம்தான், புழுதி அடங்கும். ஹைவே சர்வீஸ் ரோட்டுப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இது புரியும். பாகத்தைத் துணி காயப்போடும் கொடியில் கம்பி மாட்டித் தொங்கவிட்டு, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பின்னால் நிறுத்தினால் சுவருக்கும் பாதுகாப்பு.

போர்ட்டிகோவில் என்றேன், பூஜை அறை ஜன்னல் அந்தப் பக்கம் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். டப்பாவுக்குள் பெயின்டைத் தள்ளுவது பெரும்பாலும் சமையல் கேஸ் ஜாதி வாயுதான். காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும், விளக்கோ ஊதுபத்தியோ அடுப்போ எங்கே இருந்தாலும் போய்த் தொடும். மூக்குக்குக் கைக்குட்டையும், கொரோனாவில் மிச்சமான மாஸ்க்கும் தூசிக்குத்தான், ஆவிக்கு இல்லை. கரி அடைத்த ஆவி வடிகட்டி மாஸ்க் வாங்குங்கள், பெயின்டைவிட அது முக்கியம். டப்பாவின் அடியில் இருக்கும் குமிழை அழுத்தி ஹார்டனரை உடைத்துக் கலக்கும் 2கே க்ளியர் ஒன்று வருகிறது, பளபளப்பும் உறுதியும் பிரமாதம், ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, ஒரு தடவை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும். அதை வீட்டில் தொடாதீர்கள், கடையில் அதற்கென்று ஸ்ப்ரே அடிக்கும் தனி அறையும் காற்றுக் குழாய் மாஸ்க்கும் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். முழு பம்பரும் அப்படித்தான், வீட்டு வேலை இல்லை, நாலைந்து டப்பா குடித்துவிட்டு ஆங்காங்கே திட்டுத் திட்டாக நிற்கும். மிரர் கவர், கைப்பிடி, வீல் கப், மிஞ்சிப் போனால் கிளாடிங், இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

பெயின்ட் படக் கூடாத இடங்களும் உண்டு. பார்க்கிங் சென்சார் பொட்டுகள்மேல் கோட் மேல் கோட்டாக ஏறினால் அது மந்தமாகிவிடும், டேப் போட்டு மூடுங்கள். விளக்குக் கண்ணாடி, சிவப்பு ரிஃப்ளெக்டர், நம்பர் பிளேட், இதில் விளையாட்டே வேண்டாம். எதிர்வீட்டுக்காரர் பம்பருக்கு முன்னால் இருக்கும் இரும்பு கார்டுக்கும் இதே கறுப்பு அடிக்கலாமா என்று கேட்டார். அதற்கு ஸ்பேனர்தான் வேண்டும், கழற்றுவதற்கு. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அது கூடாது என்று சொல்லிவிட்டது.

அடித்த பிறகு அரை மணியில் தொட்டால் ஒட்டாது, அதைக் காய்ந்துவிட்டது என்று நினைத்து உடனே மாட்டினால் கிளிப் பட்ட இடமெல்லாம் நகம் பதிந்த மாதிரி ஆகும். ஒரு நாள் விட்டு மாட்டுங்கள், ஒரு மாதத்துக்குப் பிரஷர் வாஷும் பாலிஷும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் மெனக்கெட்டு எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பையன் வேலை முடிந்ததும் கை கழுவிய தின்னரை எடுத்துக்கொண்டு நேராக வாசல் சாக்கடைக்குப் போனான். "டேய்" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் அம்மா வெளியே வந்துவிட்டார். நாங்கள் செய்ததைத்தான் அவன் செய்யப் பார்த்தான். தோல் கழிவு பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் என்ன செய்தது என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாக இருந்த காலத்தில், 1996-இல், வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. நான் அப்போது தொழிற்சாலையில் ஸ்ப்ரே கன் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கழுவு தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள், ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார், ஆறுதான் பாக்கி. ஒரு கிண்ணம் தின்னரால் என்ன ஆகிவிடும் என்று பையன் கேட்டான். நியாயமான கேள்விதான், ஆனால் உங்கள் குறிப்பைப் படித்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்?

தின்னரை மூடி போட்ட பாட்டிலில் வைத்தால் மண்டி கீழே தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த தடவை கழுவப் பயன்படுத்தலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் முனையும் அடைக்காது. ஆனால் தீர்ந்த டப்பாவை, அதைவிட மோசம் பாதி மிச்சமிருக்கும் டப்பாவை, எங்கே போடுவது? குப்பை வண்டியில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையில் போய்ச் சேரும், எங்காவது குப்பையைக் கொளுத்தும்போது வெடிக்கும். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் பெயின்ட் டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்து, அதை வாங்கிக்கொள்ளத் தனி இடம் வைக்க வேண்டும் என்று சொன்னது. வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்தில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று உங்கள் நிருபர் விசாரித்து, அடுத்த ஞாயிறு இணைப்பில் முகவரியோடு ஒரு பெட்டிச் செய்தி போட்டால் நன்றாக இருக்கும். என் வீட்டுப் பரணில் ஏழு டப்பா காத்துக்கொண்டிருக்கிறது, பையன் வீட்டில் இரண்டு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோல் ஃபினிஷிங் தொழிலாளி,
சத்துவாச்சாரி, வேலூர்.